நடுவர் சொன்னால் தீர்ந்ததா?

டோக்கியோவில் சுமோ மல்யுத்தத்துக்குப் பேர்போன கொகுகிகான் அரங்கில்தான் ஒலிம்பிக் குத்துச்சண்டையும் நடந்தது. 2021 ஜூலை 29 அன்று அங்கே 51 கிலோ பிரிவில் மேரி கோமும் கொலம்பியாவின் இங்க்ரிட் வலென்சியாவும் மோதினார்கள். முதல் ரவுண்டில் ஐந்து நடுவர்களில் நான்கு பேர் வலென்சியா பக்கம். அடுத்த இரண்டு ரவுண்டுகளிலும் மூன்று பேர் மேரி பக்கம். மொத்தக் கணக்கில் 3-2 என்று வலென்சியா வென்றார். மேரி கோமோ ஜெயித்துவிட்ட நினைப்பிலேயே ரிங்கை விட்டு இறங்கி, ஊக்கமருந்துச் சோதனைக்கும் போய்விட்டார். தோற்றுப்போன செய்தி அவருக்குப் பிறகுதான் உறைத்தது.

நூறு மீட்டர் ஓட்டத்தில் இப்படி ஒரு குழப்பம் வரவே வராது. அங்கே கடிகாரம் இருக்கிறது, கோடு இருக்கிறது. பளுதூக்குதலில் இரும்பு மேலே போனதா இல்லையா என்பதை அரங்கமே பார்க்கும். குத்துச்சண்டையில் எதிராளி எழுந்திருக்க முடியாமல் விழுந்தால் ஒழிய, வெற்றி என்பது சிலர் கூடி அறிவிப்பது. அறிவிக்கும் முன்பே அந்த வெற்றி எங்கேயாவது இருந்ததா? நடுவர்கள் அதைக் கண்டுபிடித்துச் சொல்கிறார்களா, அல்லது அவர்கள் சொன்ன பிறகுதான் அது பிறக்கிறதா? தத்துவ வகுப்பில் கேட்கவேண்டிய இந்தக் கேள்விக்கு இந்தியக் குத்துச்சண்டை உலகம் பல வருடங்களாக ரத்தமும் வியர்வையும் சிந்திப் பதில் தேடிக்கொண்டிருக்கிறது.

ஆக்ஸ்ஃபோர்டின் சட்டத் தத்துவ அறிஞர் ஹெச்.எல்.ஏ. ஹார்ட் 1961-ல் வெளியிட்ட 'தி கான்செப்ட் ஆஃப் லா' என்ற நூலில் இதை ஒட்டி ஓர் அழகான அலசல் உண்டு. புள்ளி குறிப்பவர் இல்லாமலே சிலர் விளையாடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார் ஹார்ட். விதி எல்லோருக்கும் தெரியும். யாருக்கு எத்தனை புள்ளி என்று அவர்களே எண்ணிக்கொள்வார்கள். பிறகு ஒருவரை நடுவராக உட்காரவைக்கிறார்கள். இனி அவர் சொல்வதே இறுதி. ஆனால், இறுதியானது என்பதும் பிழையற்றது என்பதும் ஒன்றல்ல. நடுவர் வந்துவிட்டதால் 'நடுவர் நினைத்ததே புள்ளி' என்று விதி மாறிவிடுவதில்லை. விதி பழைய விதிதான். அதைப் பின்பற்றும் கடமை நடுவருக்கும் இருக்கிறது. அவ்வப்போது அவர் தவறினால் பொறுத்துக்கொண்டு ஆட்டம் நடக்கும். தவறுவதே வழக்கமாகிப்போனால், ஆடுகிறவர்கள் அதே ஆட்டத்தைத்தான் ஆடிக்கொண்டிருக்கிறார்களா என்பதே சந்தேகம். பெயர் மட்டும் பழையதாக இருக்கும், ஆட்டம் வேறாகியிருக்கும்.

இதை வைத்துப் பார்த்தால் டோக்கியோவில் மேரி கோம் கொண்ட நினைப்பு அதிகாரபூர்வமானதல்ல, அவ்வளவுதான். அது பொய்யாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை, மெய்யாகத்தான் இருக்கவேண்டும் என்றும் இல்லை. தீர்ப்பை ஏற்கிற ஒருவர் 'தீர்ப்பு சரி' என்று ஒத்துக்கொள்வதில்லை. 'இதோடு நிறுத்திக்கொள்கிறேன்' என்று மட்டுமே ஒத்துக்கொள்கிறார். அந்த ஒப்புதலை ஒருவரிடம் கேட்பதற்கு யாருக்குத் தகுதி இருக்கிறது என்பதுதான் விஷயம்.

2014 செப்டம்பர் கடைசி நாளில் தென்கொரியாவின் இன்சியான் நகரில் இந்தக் கேள்வி பகிரங்கமாக வெடித்தது. ஆசிய விளையாட்டின் 60 கிலோ பிரிவு அரையிறுதி. மணிப்பூரின் எல். சரிதா தேவி, குழந்தை பெற்ற பிறகு பயிற்சிக்குத் திரும்பி, அந்த வருடமே கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வெள்ளி வாங்கியவர். எதிரே உள்ளூர் வீராங்கனை பார்க் ஜி-னா. சரிதாவின் குத்துகள் பளிச்சென்று விழுந்ததாகவே பார்த்தவர்களில் பலருக்குப் பட்டது. நடுவர்களின் தீர்ப்பு 0-3. முறையீடு போனது, புள்ளிகளைப் பற்றிய நடுவர் முடிவை எதிர்த்து முறையிட விதியில் இடமில்லை என்று திரும்பி வந்தது.

மறுநாள் பதக்க மேடை. அழுதுகொண்டே நின்ற சரிதா வெண்கலப் பதக்கத்தைக் கையில் வாங்கி, வெள்ளி வென்ற பார்க் ஜி-னாவிடம் நடந்துபோய் அவர் கழுத்தில் போட்டார். பார்க் திகைத்துப்போய்த் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார், சரிதா வாங்கவில்லை. பதக்கம் கடைசியில் மேடையிலேயே கிடந்தது. அதே நாளில் மேரி கோம் தங்கம் வென்றதுகூட இந்தப் பரபரப்பில் பின்னுக்குப் போய்விட்டது.

அப்போது உலகக் குத்துச்சண்டையை ஆண்டுவந்த ஐபா சரிதாவுக்கு ஓராண்டுத் தடையும் 1,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதமும் விதித்தது. இந்திய அணியின் கியூபப் பயிற்சியாளர் பிளாஸ் இக்லேசியாஸ் ஃபெர்னாண்டஸுக்கு இரண்டாண்டுத் தடை. சரிதா மன்னிப்பும் கேட்டார். இல்லாவிட்டால் தண்டனை இன்னும் நீண்டிருக்கலாம்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் கண்ணகி நினைவுக்கு வருவது இயல்பு. தவறான தீர்ப்பு, கையில் ஆதாரம், அரசவையில் நேருக்கு நேர் வழக்கு. ஆனால் சிலப்பதிகாரக் கதையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்ணகிக்கு அரண்மனை வாசல் திறந்தது. வாயில் காப்போன் உள்ளே போய்ச் சொன்னான், மன்னன் வரச்சொன்னான், வாதத்தைக் கேட்டான், சிலம்பை உடைத்துப் பார்க்கவும் இடம் கொடுத்தான். உள்ளேயிருந்து தெறித்தது முத்தல்ல, மாணிக்கம் என்று கண்டதும் தன் பிழையைத் தானே ஒப்புக்கொண்டு உயிரையும் விட்டான். தீர்ப்பு தப்பாகிவிட்டது, ஆனால் தப்பைச் சொல்வதற்கு ஒரு வழி இருந்தது, தப்பின் பாரம் தீர்ப்பளித்தவன் தலையிலேயே விழுந்தது. இன்சியானில் இந்த இரண்டும் இல்லை.

ஏதென்ஸில் சாக்ரடீஸ் எடுத்த முடிவு நேரெதிரானது. தீர்ப்பு அநியாயம் என்று அவருக்கே தெரியும். தப்பிப்போக நண்பர் கிரிட்டோ வழி செய்துவைத்திருந்தார். இத்தனை காலம் இந்த நகரத்தின் சட்டத்துக்குள் வாழ்ந்து அதன் பலனை அனுபவித்துவிட்டு, எனக்கு எதிராகத் திரும்பியதும் அதை மீறுவது முறையல்ல என்று சொல்லி நஞ்சைக் குடித்தார். விளையாட்டு நிர்வாகிகளுக்கு மிகவும் பிடித்த உதாரணம் இதுவாகத்தான் இருக்கும். ஆனால் சாக்ரடீஸின் வாதத்துக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அந்த நகரம் அவருக்குப் பேச இடம் தந்தது, விசாரணையில் வாதாட விட்டது, பிடிக்காவிட்டால் உடைமையோடு வெளியேறலாம் என்ற உரிமையும் தந்திருந்தது. ஒரு நாட்டுக்கு ஒரு சம்மேளனம், உலகத்துக்கு ஒரு சங்கம் என்றிருந்த குத்துச்சண்டையில் சரிதா வேறு எங்கே போயிருக்க முடியும்?

இதற்காக மேடையில் அவர் செய்தது முழுக்கச் சரி என்று சொல்லிவிட முடியாது. பார்க் ஜி-னா எந்தத் தீர்ப்பையும் எழுதவில்லை. அவரும் ரிங்கில் குத்து வாங்கியவர்தான். நடுவர்கள் மேல் இருந்த கோபம், கைக்கு எட்டிய தூரத்தில் நின்ற இன்னொரு பெண்ணின் கழுத்தில் போய் விழுந்தது. மதுரை எரிந்தபோதும் தீர்ப்போடு சம்பந்தமில்லாதவர்களின் வீடுகள்தானே எரிந்தன. நியாயமான கோபம் போக வழியில்லாதபோது குறி தவறிப்போகும். அந்தப் பழியில் பாதியாவது வழியை அடைத்துவைத்தவர்களுக்குச் சேரும்.

இந்திய ரசிகர்களின் மனமும் இதில் ஒரே சீராக இல்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விகாஸ் கிருஷ்ணன் அமெரிக்காவின் எரோல் ஸ்பென்ஸை 13-11 என்று வென்றதாக அறிவித்தார்கள். அமெரிக்கத் தரப்பு முறையிட்டது. கடைசி ரவுண்டில் விகாஸ் ஒன்பது முறை எதிராளியைப் பிடித்துக்கொண்டார், அதற்கு முந்தைய ரவுண்டில் பல் காப்பு உறையை வேண்டுமென்றே துப்பினார், மேடை நடுவர் இதற்கெல்லாம் எச்சரிக்கை கொடுக்கத் தவறிவிட்டார் என்று சில மணி நேரத்தில் முடிவாகி, ஸ்பென்ஸுக்கு நான்கு புள்ளிகள் சேர்க்கப்பட்டு 15-13 என்று வெற்றி கைமாறியது. அன்றைக்கு இந்தியாவில் எழுந்த கூக்குரல், 'அறிவித்த முடிவை மாற்றலாமா' என்பது. இரண்டு வருடம் கழித்து இன்சியானில் எழுந்த கூக்குரல், 'அறிவித்த முடிவை ஏன் மாற்றக்கூடாது' என்பது. நம் பிள்ளை ஜெயித்தால் தீர்ப்பு புனிதம், தோற்றால் சதி என்பது கொள்கை ஆகாது. உண்மையைச் சொன்னால், லண்டனில் திறந்திருந்த முறையீட்டு வாசல் விகாஸுக்குக் கசப்பாக முடிந்தாலும் அதுதான் ஒழுங்கான ஏற்பாடு.

இனி ரிங்கை விட்டு, நாற்காலிகள் போட்ட கூட்ட அறைக்கு வரலாம். அங்கே கையுறை கிடையாது என்பதைத் தவிர பெரிய வித்தியாசமில்லை. அங்கேயும் வெற்றி என்பது வாக்கு எண்ணிச் சொல்வதுதான். வாக்கு முறையாக எடுக்கப்பட்டதா என்பதைப் பொறுத்துத்தான் தலைவர் தலைவராகிறார்.

இந்திய அமெச்சூர் குத்துச்சண்டைச் சம்மேளனத்துக்கு நீண்டகாலம் தலைமை தாங்கிய அபய் சிங் சௌதாலா, பதவிக்கால வரம்பு குறுக்கே வந்ததும் சாசனத்தைத் திருத்தி உண்டாக்கிய சேர்மன் பதவிக்குப் போனார். 2012 செப்டம்பர் தேர்தலில் தலைவர் நாற்காலி அவருடைய உறவினர் அபிஷேக் மட்டோரியாவுக்கு வந்தது. தேர்தலில் முறைகேடு என்ற சந்தேகத்தில் அந்த டிசம்பரிலேயே ஐபா சம்மேளனத்தை இடைநீக்கம் செய்தது. லண்டனில் இந்தியா எட்டுக் குத்துச்சண்டை வீரர்களை இறக்கி, மேரி கோமின் வெண்கலத்தோடு திரும்பி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. 2013-ல் கஜகஸ்தானின் அல்மாட்டி நகரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் இந்திய வீரர்கள் மூவண்ணக் கொடியில்லாமல் ஐபாவின் கொடியின் கீழ் களமிறங்கினார்கள். 2014 மார்ச்சில் பழைய சம்மேளனத்தின் உறுப்பினர் தகுதியே ரத்தானது.

அந்த இடத்துக்கு 'பாக்ஸிங் இந்தியா' வந்தது. 2014 செப்டம்பரில் சந்தீப் ஜஜோடியா தலைவரானார். சரிதாவின் அரையிறுதி நடந்தபோது இந்தப் புதுச் சங்கத்துக்கு வயது மூன்று வாரம்கூட ஆகவில்லை. எட்டு மாதத்துக்குள் மாநிலச் சங்கங்கள் திரண்டு சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டின. 2015 மே 3, ஞாயிற்றுக்கிழமை, இடம் சென்னை. நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் 55-4 என்று ஜஜோடியா வீழ்ந்தார். வடசென்னைச் சந்துகளில் பரம்பரை பரம்பரையாகக் கையுறை மாட்டிய ஊர் இது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆடிய வி. தேவராஜன் இங்கிருந்து போனவர். அந்த ஊரில் அந்த ஆண்டின் முக்கியமான குத்துச்சண்டை ஓர் அறைக்குள், கோப்புகளோடு நடந்து முடிந்தது.

பிறகு இடைக்காலக் குழுவின் ஆட்சி. 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து தகுதி பெற்றவர்கள் மூன்றே ஆண்கள்: ஷிவ தாபா, மனோஜ் குமார், விகாஸ் கிருஷ்ணன். பெண்கள் ஒருவரும் இல்லை. மனோஜ் குமாரின் ஜெர்சியில் 'இந்தியா' என்ற எழுத்து இல்லை என்று அவரைத் தகுதிநீக்கம் செய்யும் அளவுக்குப் போன கூத்தும் நடந்தது. 2008 பெய்ஜிங்கில் விஜேந்தர் சிங் முதல் வெண்கலம் வாங்கி வந்து எட்டு வருடத்தில் நாடு வந்து நின்ற இடம் இது. முழுப் பழியையும் கூட்ட அறைமேல் போட்டுவிடலாமா என்றால், முடியாது. ஷிவ தாபாவை வென்ற கியூபாவின் ரோபெய்சி ராமிரெஸும் மனோஜை வென்ற உஸ்பெகிஸ்தானின் கைப்நஸாரோவும் தங்கத்தோடு போனவர்கள். எந்தச் சம்மேளனம் இருந்தாலும் அவர்களிடம் தோற்றிருக்கலாம். ஆனால் எட்டுப் பேர் மூன்று பேரானதற்கு எதிராளிகளைக் காரணம் சொல்ல முடியாது.

இங்கேதான் ஒரு பழைய உபதேசம் தப்பான வாயிலிருந்து வருவதைக் கவனிக்கலாம். கடமையைச் செய், பலனில் பற்று வைக்காதே என்று வீரர்களிடம் சொல்லாத விளையாட்டு நிர்வாகி அபூர்வம். கீதையின் அந்தப் போதனை ஆழமானது. பயிற்சியில் தினமும் அடிவாங்கும் ஒருவருக்கு உண்மையிலேயே உதவக்கூடியது. ஆனால் அதைச் சொல்கிற கண்ணன் தேர்த்தட்டில் உட்கார்ந்து குதிரையை ஓட்டுகிறான். எனக்கு அடைய வேண்டியது ஒன்றுமில்லை, ஆனாலும் நானும் செயலில்தான் இருக்கிறேன் என்று தன்னையும் அந்த விதிக்குள் வைத்துக்கொள்கிறான். பதவிக்கால வரம்பைத் தாண்டிக் குதிக்கச் சாசனத்தைத் திருத்துகிறவருக்குப் பலனில் பற்றறுக்கும்படி மற்றவருக்குச் சொல்ல என்ன யோக்கியதை? ரிங்கில் தோற்றவர் பதக்கத்தை மறுத்தால் ஒழுக்கக்கேடு. பொதுக்குழுவில் தோற்றவர் கோர்ட்டுக்குப் போனால் அது உரிமை. உரிமைதான், சந்தேகமில்லை. அந்த உரிமை கையுறைக்காரருக்கும் கொஞ்சம் மிச்சமிருக்க வேண்டாமா?

சரிதாவைத் தண்டித்த ஐபாவின் பிற்காலக் கதை இந்த வாதத்துக்கு வலுச்சேர்க்கிறது. 2014-ல் அதன் தலைவராக இருந்த தைவானின் வூ சிங்-குவோ நிதிக் குளறுபடிகளுக்கு நடுவே 2017-ல் பதவி விலகினார். ரியோவில் பணியாற்றிய 36 நடுவர்களையும் ஐபாவே ஒதுக்கிவைத்தது. 2021-ல் கனடாவின் சட்டப் பேராசிரியர் ரிச்சர்ட் மக்லாரன் கொடுத்த அறிக்கை, ரியோவில் சில போட்டிகளின் முடிவுகளைக் கைக்குள் போட்டுக்கொள்ளும் ஏற்பாடு நடுவர் தேர்விலேயே இருந்ததாகச் சொன்னது. 2019-ல் சர்வதேச ஒலிம்பிக் குழு அந்தச் சங்கத்தின் அங்கீகாரத்தை நிறுத்திவைத்தது, 2023-ல் பறித்தே விட்டது. அப்போது அந்தச் சங்கம் என்ன செய்தது? விளையாட்டு நடுவர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. 2024-ல் அதுவும் தள்ளுபடியானது. வாயை மூடிக்கொண்டு பதக்கத்தை வாங்கிக்கொள் என்று சொன்ன அமைப்பு, தனக்கு ஒரு தீர்ப்பு எதிராக வந்ததும் இருந்த கதவையெல்லாம் தட்டிப்பார்த்தது.

கதையின் மறுகரையில் ஒருவர் இருக்கிறார்: தப்பான தீர்ப்பால் ஜெயித்தவர். 1988 சியோல் ஒலிம்பிக்கின் லைட் மிடில்வெயிட் இறுதியில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் 86 குத்துகளை இறக்கினார். தென்கொரியாவின் பார்க் சி-ஹுன் இறக்கியது 32. நடுவர்கள் 3-2 என்று பார்க் கையைத் தூக்கிவிட்டார்கள். அந்த ஒலிம்பிக்கின் சிறந்த குத்துச்சண்டை வீரருக்கான வால் பார்க்கர் கோப்பையைத் தோற்றுப்போன ஜோன்ஸுக்கே கொடுத்தார்கள் என்பதிலிருந்தே நிலைமை விளங்கும். இந்த அவமானத்துக்குப் பிறகுதான் பொத்தான் அமுக்கும் கணினிப் புள்ளி முறை வந்தது. அதிகாரபூர்வமான பதிவேடு இன்றைக்கும் பார்க்கின் பெயரைத்தான் சொல்கிறது. லஞ்சம் கைமாறியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்பதால் ஒலிம்பிக் குழு முடிவை மாற்றவில்லை. ஜெயித்தவருக்கு நிம்மதி கிடைத்ததா? இல்லை. சொந்த நாட்டிலேயே ஏச்சு, நீண்ட மனச்சோர்வு. 2023-ல் பார்க் கடல் கடந்து ஃபுளோரிடாவின் பென்சகோலாவுக்குப் போய் அந்தத் தங்கத்தை ஜோன்ஸின் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

ஹார்ட்டின் பாகுபாட்டுக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. முடிவு இறுதியாகவே இருந்தது, யாரும் மாற்றவில்லை. ஆனாலும் அந்த முடிவுக்கு அப்பால் ஓர் உண்மை இருந்தது, முப்பத்தைந்து வருடமாக அதைச் சுமந்தவர் ஜெயித்தவரே. வெற்றி என்பது வெறும் அறிவிப்புத்தான் என்றால் பார்க்குக்கு விமானம் ஏற வேண்டிய அவசியம் என்ன? பதக்கம் கைமாறிய இரண்டு சம்பவங்களிலும் அதைக் கொடுத்தவர்கள் குத்துச்சண்டைக்காரர்களே. புள்ளி போட்டவர்கள் யாரும் எதையும் திருப்பிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

இந்தியாவுக்குத் திரும்பினால், 2016 செப்டம்பரில் அஜய் சிங் தலைமையில் பிறந்த இந்தியக் குத்துச்சண்டைச் சம்மேளனம் கொஞ்சம் நிலைத்து நின்றது. டோக்கியோவுக்கு ஒன்பது பேர் போனார்கள். அசாமின் கோலாகாட் மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வந்த லவ்லினா போர்கோஹைன் வெண்கலம் வென்றார். அவருடைய அரையிறுதியைப் பார்ப்பதற்காக அசாம் சட்டமன்றமே அவையைச் சிறிது நேரம் ஒத்திவைத்தது. பாரிஸுக்கு ஆறு பேர் போய் வெறுங்கையோடு வந்தார்கள். அதன் பிறகு 2025-ல் பழைய கூத்து புது வேஷத்தில். மார்ச்சில் நடக்கவேண்டிய தேர்தல் தள்ளிப்போனது. முன்னாள் விளையாட்டுத் துறை அமைச்சர் அனுராக் தாக்கூரின் பெயர் வாக்காளர் பட்டியலில் சேராதது தகராறானது. வழக்குகள், இடைக்காலக் குழு. கடைசியில் ஆகஸ்ட் 21 அன்று அஜய் சிங் மூன்றாவது முறையாக, 40-26 என்ற கணக்கில் வென்றார். வாக்களித்தவர்கள் மாநிலச் சங்கங்களின் பிரதிநிதிகள்.

இரண்டு வாரத்தில் லிவர்பூலில் உலகச் சாம்பியன்ஷிப் தொடங்கியது. ஜெய்ஸ்மின் லம்போரியா 57 கிலோவில் போலந்தின் யூலியா ஷெரெமெட்டாவை 4-1 என்று தோற்கடித்துத் தங்கம் வென்றார். மீனாட்சி ஹூடா 48 கிலோவில் இன்னொரு தங்கம். 80 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் நூபுர் இறுதியில் 2-3 என்று தோற்று வெள்ளி வாங்கினார். கூட்ட அறையின் கலவரத்துக்கும் இந்தப் பதக்கங்களுக்கும் நேர்க்கோடு போட்டுக் காட்ட முடியாது. கெட்ட நிர்வாகத்திலும் நல்ல கை உருவாகும். ஹரியானாவின் பயிற்சிக் கூடங்களுக்கும் மணிப்பூரின் முகாம்களுக்கும் பொதுக்குழுவின் அனுமதி தேவைப்படவில்லை.

அந்த ஆகஸ்டிலேயே நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தை நிறைவேற்றியது. சம்மேளனங்களின் நிர்வாகக் குழுவில் சிறந்த வீரர்களுக்கு இடம் வேண்டும், பெண்கள் நான்கு பேராவது வேண்டும், தகராறுகளைத் தீர்க்கத் தனித் தீர்ப்பாயம் வேண்டும் என்கிறது சட்டம். தேர்தலில் பெயர் விடுபட்டவர், பதவி பறிபோனவர், அணியில் இடம் மறுக்கப்பட்டவர் எல்லோருக்கும் போய் நிற்க ஒரு வாசல். ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு போன்ற சர்வதேசப் போட்டிகளின்போது எழும் தகராறுகள் மட்டும் அதன் வரம்பில் வராது. இன்சியானில் நடந்ததுபோல் இன்னொரு முறை நடந்தால், அந்த வீராங்கனை முறையிட வேண்டிய இடம் டெல்லியில் இல்லை. 2023-ல் உருவான 'வேர்ல்ட் பாக்ஸிங்' என்ற புது உலக அமைப்பு தன் நடுவர்களை யார் கேள்வி கேட்கலாம் என்று எழுதிவைத்திருக்கிறதோ அங்கேதான் இருக்கிறது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை உண்டு என்பது 2025 மார்ச்சில் உறுதியானது.